வெள்ளை முதுகுத் தேனீக்கள்

ஆகஸ்ட் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு, ஊர்க் கண்காட்சியின் தேன் கூடாரத்தில் எலினெட்டுக்குத் தலை சுற்றியது. வெயில் காரணமில்லை. வேல்ஸில் தலை சுற்றுகிற அளவுக்கு வெயில் அடித்தால் அந்த வெயிலையே ஒரு மேசையில் வைத்துப் பரிசு கொடுத்திருப்பார்கள். காரணம், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஊர்ந்துகொண்டிருந்த தேனீக்கள். அவற்றில் பாதிக்கு முதுகு வெள்ளையாக இருந்தது.

பெட்டி அவள் கணவன் இத்வாலுடையது. ஒரே ஒரு தேனடையை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் நிறுத்தி, ராணியையும் பரிவாரத்தையும் ஊருக்குக் காட்டுவதில் அவனுக்கு அலாதிப் பெருமை. பக்கத்து மேசையில் அவனுடைய தேன் பாட்டில் முதல் பரிசுக்கான சிவப்பு அட்டையோடு நின்றது. ‘பிளாக்பெர்ரி, லிண்டன் பூத் தேன்’ என்று சீட்டு ஒட்டியிருந்தான். எலினெட் உள்ளே வந்த நேரத்தில் ஒரு சிறுமி கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி அவனைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இதுக்கெல்லாம் ஏன் முதுகு வெள்ளையா இருக்கு?”

“வயசாயிடுச்சு பாப்பா. நரைச்சுப் போச்சு. என் தலையைப் பாரு, அதே கதைதான்.”

கூட்டம் சிரித்தது. எலினெட் சிரிக்கவில்லை. தேனீக்கு நரைக்காது என்பது அவளுக்குத் தெரியும். அந்த வெள்ளை எந்தப் பூவின் மகரந்தம் என்பதும் தெரியும்.

நம் வீட்டுத் தொட்டியில் முழங்கால் உயரத்துக்கு அடக்க ஒடுக்கமாகப் பூக்கிறதே காசித்தும்பை, அதற்கு ஒரு முரட்டு அண்ணன் உண்டு. இமயமலைக் காசித்தும்பை. யாரோ ஒரு புண்ணியவான் அழகுக்காகக் கப்பலில் கொண்டுவந்தான். அது தோட்டத்து வேலியைத் தாண்டிக் குதித்து, ஈரமும் நிழலும் உள்ள ஓடைக்கரை எல்லாவற்றையும் பட்டா போட்டுக்கொண்டது. ஏப்ரலில் முளைத்தால் ஆகஸ்டில் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். இளஞ்சிவப்பில் முக்காடு போட்ட மாதிரி பூ. தேனீ அதற்குள் முழுசாக நுழையும்போது, பூவின் கூரையிலிருந்து வெள்ளை மகரந்தம் நடு முதுகில் தடவிவிடும். தேனீ மற்ற இடமெல்லாம் கால்களால் வழித்துச் சுத்தம் செய்துகொள்ளும். நடு முதுகுக்கு மட்டும் கால் எட்டாது. குளிக்கும்போது நமக்குச் சோப்பு எட்டாத அதே இடம்.

ஆகவே, முதுகு வெளுத்த தேனீ ஒன்று இருந்தால், சில மைல் தூரத்துக்குள் எங்கேயோ காசித்தும்பை பூத்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றல்ல, நூறு தேனீ இருந்தால் ஒரு காடே பூத்திருக்கிறது.

ஒரு செடி எங்கேயோ பூத்தால் இவளுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். எலினெட் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். ஏழு வருடத்துக்கு முன், ஜனவரி வெள்ளத்தில், வெர்ன் ஓடை பொங்கி, ஆரம்பப் பள்ளியின் வேலியையும் ஊஞ்சலையும் அடித்துக்கொண்டு போனது. ஓடையில் அதற்கு முன்பும் வெள்ளம் வந்ததுண்டு. ஆனால் கரையில் புல்லும் வேரும் இருந்தவரை கரை நின்றது. காசித்தும்பை தன் நிழலில் வேறு எதையும் வளரவிடாது. பனி விழுந்த முதல் வாரத்தில் தானும் மொத்தமாகச் செத்துப்போகும். பிறகு மொட்டைக் கரைதான், வெள்ளம் வந்து சாப்பிட வசதியாக. ஊஞ்சல் மிதந்து போனதை எலினெட் பேருந்திலிருந்து தன் கண்ணால் பார்த்தாள். அடுத்த மே மாதம் கையுறை போட்டாள்.

ஏழு கோடைகள், சனிக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு, பன்னிரண்டு பேர். செடியைப் பிடுங்குவது பெரிய வித்தை இல்லை. வேர் ஆழம் போகாது, இழுத்தால் வந்துவிடும். ஆனால் கடைசிக் கணுவுக்குக் கீழே பிடித்து இழுக்க வேண்டும். கணு மண்ணில் தங்கினால் மூன்றாம் வாரம் அங்கிருந்தே துளிர்த்துச் சிரிக்கும். காய் முற்றும் முன் வேலை முடிய வேண்டும். முற்றிய காயைத் தொட்டால் பட்டென்று வெடித்து, விதையை ஏழு மீட்டர் வீசும். ஓடையில் விழுந்த விதை கீழ்க்கரை முழுக்கக் குடியேறும். ஒரே நல்ல விஷயம், விதைக்கு ஆயுசு குறைவு. இரண்டு வருடத்துக்கு மேல் மண்ணில் தாங்காது. இரண்டு கோடைகள் தொடர்ந்து ஒரு பூக்கூடப் பூக்காவிட்டால் ஓடை பிழைத்தது.

ஊர் மன்றத்து மேடையில் அதற்காகவே ஒரு கரும்பலகை இருந்தது. ‘வெர்ன் ஓடையில் காசித்தும்பை பூக்காத கோடைகள்’ என்று மேலே பெயிண்டில். கீழே சாக்பீஸில் ஓர் எண். அது ஒரு தடவை ஒன்றாகி, மறுபடி பூஜ்ஜியமாகி, போன வருடம்தான் மறுபடி ஒன்றானது. இன்று நான்கு மணிக்கு, பரிசளிப்பு முடிந்ததும், எலினெட் அதை அழித்து ‘2’ என்று எழுத வேண்டும். அவளுடைய தோழியும் சனிக்கிழமைப் படையின் தளபதியுமான நெஸ்டா அதற்கென்று ஒரு கேக்கே செய்துவிட்டாள். மேலே வெள்ளைக் கிரீமில் பெரிய ‘2’.

எலினெட் கூடாரத்தை விட்டு வெளியே வந்தாள். இத்வால் ஏன் நரை, கிரை என்று மழுப்பினான் என்று ஒரு நிமிடம் யோசித்தாள். தேனீ வளர்ப்பவனுக்கு வெள்ளை முதுகு தெரியாமலா இருக்கும்? பாவம், இன்றைக்குப் பார்த்து என் மனசு நோகக் கூடாதென்று மறைக்கிறான் என்று முடிவு கட்டினாள். இருபத்தாறு வருடம் ஒருவனோடு குடித்தனம் நடத்தினால் இப்படித்தான், மூளை தானாகவே அவன் கட்சிக்கு வாதாடும். குற்றவாளியை அவள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். கெத்தின்.

கெத்தின் மேல் ஓடையில் ஆடு வளர்ப்பவன். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். மூன்று வருடத்துக்கு முன் பலகையில் ஒன்று அழிந்து பூஜ்ஜியம் ஆனதே, அப்போது முளைத்த செடிகள் அவனுடைய ஆல்டர் மரத் தோப்புக்குச் சற்றுக் கீழே, ஓடையோரம்தான் முளைத்தன. ‘விதை மேலேயிருந்துதான் வரும், உன் தோப்பைத் திற’ என்று எலினெட் ஊர்த் தேநீர் விருந்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள். என்னிடம் இல்லை என்றான். பொய் சொல்கிறாய் என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. படைக்கு அவன் அனுப்பிக்கொண்டிருந்த டிராக்டரும் நின்றது.

ஆட்டுப் பட்டியில் கெத்தின் தன் கிடாவுக்குக் கொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“கெத்தின், உன் தோப்புல பூத்திருக்கு.”

அவன் நிமிரவேயில்லை. “மூணு வருஷமாச்சு. முதல் வார்த்தையே இதுதானா? சௌக்கியமான்னு கேக்கலாம்ல?”

“தேனீ முதுகெல்லாம் வெள்ளையா இருக்கு. ஓடையில ஒண்ணும் இல்ல, நான் அங்குலம் அங்குலமா நடந்துட்டேன். மீதி இருக்கிறது உன் தோப்பு ஒண்ணுதான்.”

கெத்தின் துணியைத் தோளில் போட்டான். “சரி, வண்டியில ஏறு. இப்பவே பாத்துடலாம். என் நிலத்துல ஒரு செடி இருந்தா, வேரோட பிடுங்கி இந்த ஊர் முன்னாடி தின்னுடறேன். இல்லைன்னா, நாலு மணிக்கு மேடையில மைக்ல மன்னிப்புக் கேக்கணும். சம்மதமா?”

“உப்பு வேணுமா, மிளகு வேணுமா? அதை மட்டும் சொல்லு,” என்றாள் எலினெட்.

வண்டி தோப்பில் போய் நின்றது. ஆல்டர் மரங்களுக்கு அடியில் தரை சதசதவென்று இருந்தது. காசித்தும்பைக்குச் சொர்க்கம் என்றால் இதுதான். எலினெட் தன் கண்காட்சிக் காலணியோடு சேற்றில் இறங்கினாள். பத்தே நிமிடத்தில் இளஞ்சிவப்பு கண்ணில் பட்டது. தாவிப் போய்த் தண்டைப் பிடித்தாள்.

“என்ன, தின்னட்டுமா?” என்றான் கெத்தின்.

தண்டு ரோமமாக இருந்தது. கிள்ளிப் பார்த்தாள், உள்ளே கெட்டி. காசித்தும்பைத் தண்டு வழவழப்பாக, சிவப்போடி, உள்ளே குழலாக, கிள்ளினால் தண்ணீர் விடும். இலை கணுவுக்கு மூன்று நிற்கும், ஓரத்தில் சிவந்த பல் இருக்கும். இது வில்லோஹெர்ப். பாவப்பட்ட உள்ளூர்ச் செடி. அவள் அதைத் தடவிவிட்டு எழுந்தாள். தோப்பு முழுவதும் நடந்தார்கள். ஒன்று, ஒன்றே ஒன்று, இல்லை.

எலினெட்டுக்கு முகம் சிவந்தது. மூன்று வருடத்துக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அப்போதுதான் காற்று திரும்பியது. மலிவு விடுதிக் குளியலறைச் சோப்பு மாதிரி ஒரு வாசனை ஓடைக்கு அக்கரையிலிருந்து வந்தது. எந்தத் தூக்கத்திலும் அவளுக்கு அடையாளம் தெரியும் வாசனை.

“அக்கரையில யார் இருக்கா?”

கெத்தின் தொண்டையைச் செருமினான். “பழைய மில்லு. இத்வாலோட சித்தப்பா இடம்தானே.”

“அங்க யாரும் போறதில்லையே. இத்வால் அங்க இருந்த தேன்பெட்டியெல்லாம் ஆகஸ்ட்டுல மலைக்கு ஏத்திடுவானே, ஹெதர் பூவுக்கு.”

கெத்தின் ஓடைக்குள் இறங்கி அக்கரைக்கு நடந்தான். அவளும் பின்னால் போனாள்.

மில்லின் இடிந்த சுவருக்குப் பின்னால், ஓடையிலிருந்து பத்தடி தள்ளி, ஒரு கூடம் அகலத்துக்குக் காசித்தும்பை நின்றது. எலினெட்டைவிட உயரம். ஒவ்வொரு பூவுக்குள்ளும் ஒரு தேனீ புகுந்து, முதுகை வெள்ளையடித்துக்கொண்டு வந்தது. நடுவே நான்கு தேன்பெட்டிகள், மலைக்கே போகாதவை. பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி. நாற்காலியில் பச்சைக் கம்பளி மெத்தை. போன வருடம் பேருந்தில் தொலைத்துவிட்டேன் என்று அவள் வீடு முழுக்கப் புலம்பிய, அவள் கையால் பின்னிய மெத்தை. மரக்கிளையில் கயிறு கட்டி ஒரு கத்தரிக்கோல் தொங்கியது. அதனடியில் ஒரு வாளி. வாளி நிறையப் பச்சைக் காய்கள், முற்றுவதற்கு முன் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தவை.

எலினெட் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. எத்தனையோ சனிக்கிழமைகளில், அவள் கீழ் ஓடையில் முட்டிவரை சேற்றில் நின்று பிடுங்கிக்கொண்டிருந்தபோது, இந்த மனிதன் இங்கே மெத்தை போட்டு உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆனது. கெத்தின் தன் தோளில் கிடந்த, கிடாவின் கொம்பைத் துடைத்த துணியை நீட்டினான். அவளும் அதை வாங்கி மூக்கைச் சிந்தினாள்.

“இங்க பாரு எலினெட்,” என்றான் கெத்தின், மெதுவாக. “நான் இதைப் பாக்கல. நீயும் பாக்கல. ஓடைக் கரையில ஒரு பூ இல்ல, அது நிஜம்தானே? நீ போய் ரெண்டுன்னு எழுது. நாளைக்கு நாம ரெண்டு பேரும் வந்து சத்தமில்லாம பிடுங்கிப் போட்டுடலாம். மன்னிப்பெல்லாம் நான் மறந்துட்டேன்.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இப்படிப்பட்டவனையா பொய்யன் என்றேன் என்று வெட்கமாக இருந்தது. அந்த ‘2’ மேல் அவளுக்கு இருந்த ஆசையும் சின்னதல்ல. ஏழு வருடம் அதைக் கையால் எழுதிப் பார்க்கக் காத்திருந்தவள். வண்டி திரும்பும் வழியெல்லாம் மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

தேன் கூடாரத்தில் இத்வால் தனியாக இருந்தான். எலினெட் பச்சை மெத்தையைச் சிவப்பு அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவன் மெத்தையைப் பார்த்தான். அவள் காலணிச் சேற்றைப் பார்த்தான். “ஒரு காய்கூட ஓடையில விழல, எலினெட். சத்தியமா. வாரா வாரம் உக்காந்து வெட்டிடறேன்.”

“மூணு வருஷத்துக்கு முன்னாடி?”

“அப்போ… கத்தரிக்கோல் யோசனை இன்னும் வரல.”

“ஆகஸ்ட்டுல ஊருல வேற பூவே இல்லையா உன் தேனீக்கு?”

“இல்லையே! பிளாக்பெர்ரி முடிஞ்சிடும், மலையில ஹெதர் மழை வந்தா தேன் தராது, ஐவிக் கொடி பூக்க இன்னும் ஒரு மாசம். நடுவுல அதுங்க பட்டினி. இந்த ஒரு பூ இருந்தா பெட்டி ரொம்பி வழியுது. நான் என்ன பண்ணட்டும்?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“நீ பிடுங்கியிருப்ப.”

“ஆமா, பிடுங்கியிருப்பேன்!” என்றாள் எலினெட். “அது போகட்டும் இத்வால். அன்னைக்குத் தேநீர் விருந்துல கெத்தினை நான் பொய்யன்னு சொன்னப்ப, நீ என் பக்கத்துல உக்காந்து பாரா ப்ரித் பழ ரொட்டி தின்னுட்டு இருந்த. ரெண்டாவது துண்டு வேணும்னு வேற கேட்ட. அதைத்தான் என்னால தாங்க முடியல.”

இத்வால் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். வீட்டுக் கொல்லையில் வெள்ளை முதுகு இல்லாத தேனீக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆனால் மில்லுப் பெட்டியின் ராணிதான் அழகு. விடியற்கருக்கலில் அதைத்தான் எடுத்து வந்தான். அழகி ஊருக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசை அவனைக் கவிழ்த்துவிட்டது.

நான்கு மணி. ஊர் மன்றத்தில் உட்கார இடமில்லை. நெஸ்டா கேக்கோடும் கத்தியோடும் மேடையோரம் தயாராக நின்றாள். எலினெட் சேற்றுக் காலணியோடு ஏறினாள். எல்லாரும் முன்கூட்டியே கைதட்டினார்கள். அவள் ‘1’ என்பதைத் துடைத்தாள். சாக்பீஸை எடுத்தாள். வட்டமாக ஒரு ‘0’ போட்டாள்.

கைதட்டல் பாதியில் நின்றது.

“இன்னைக்கு மதியம் ஒரு இடத்துல பூத்திருக்கிறதைப் பாத்தேன்,” என்றாள் மைக்கில். “எந்த இடம்னு சொல்ல மாட்டேன். எந்த இடம் இல்லைன்னு சொல்றேன். கெத்தினோட தோப்பு இல்ல. எப்பவுமே இல்ல. மூணு வருஷமா அவனை நான் அநியாயமா பேசியிருக்கேன். கெத்தின், என்னை மன்னிச்சுடு.”

கடைசி வரிசையிலிருந்து கெத்தின் குரல் வந்தது. “இங்க சரியா கேக்கல. மைக்கைக் கிட்ட வெச்சுப் பேசு.”

“மன்னிச்சுடுடா, கழுதை!” என்று அவள் கத்தினாள். மன்றம் வெடித்துச் சிரித்தது. கெத்தின் தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேல் ஆட்டினான்.

சிரிப்பு அடங்கும் முன் நடு வரிசையில் இத்வால் எழுந்தான். கையில் தேன் பாட்டிலும் சிவப்பு அட்டையும். மேடை வரை வந்து இரண்டையும் நடுவர் மேசையில் வைத்தான்.

“இது பிளாக்பெர்ரி தேன் இல்ல,” என்றான். “லிண்டனும் இல்ல. அந்த இடம் என்னோடது. மூணு வருஷத்துக்கு முன்னாடி கெத்தின் தலையில விழுந்த பழியும் என்னோடதுதான். நான் வாயை மூடிட்டு இருந்தேன்.”

நெஸ்டா கேக்கைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், கத்தியின் நுனியால் கிரீமை வழித்து ‘2’ஐ ஒரு மாதிரி ‘0’வாக இழுத்துவிட்டாள். “ருசி ஒண்ணும் மாறாது,” என்றாள். “முதல்ல வேலை. வந்து தின்னுக்கலாம்.”

“வேலை நாளைக்கா?” என்று யாரோ கேட்டார்கள்.

“இப்பவே,” என்றாள் எலினெட். “அவன் விட்டுவெச்ச காய் எத்தனையோ, யாருக்குத் தெரியும். முத்தினது தொட்டாலே வெடிக்கும். செடியோட தலைக்கு உறை போட்டு மூடாம ஒண்ணையும் தொடக் கூடாது. தலையணை உறை இருக்கிறவங்க எடுத்துட்டு வாங்க.”

இத்வால் ஓடினான். திரும்பி வந்தபோது அவன் கைநிறையத் தேன் வடிகட்டும் மெல்லிய வலைப்பைகள், வீட்டில் இருந்த அத்தனையும். அவற்றை அவன் யாரையும் தொடவிட்டதில்லை. எலினெட் ஒருமுறை அதில் ஒன்றைப் பாலாடைக்கட்டி பிழிய எடுத்ததற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தவன்.

கெத்தினின் டிராக்டர் மூன்று வருடம் கழித்துப் படைக்கு வந்தது. பின்னால் இழுத்த தட்டு வண்டியில் கண்காட்சி உடுப்போடு பதினைந்து பேர். மில்லில் எலினெட் இத்வாலுக்குப் பக்கத்தில் நின்று முதல் செடியைக் காட்டினாள். அவன் அதன் தலையில் வலைப்பையை மாட்டி, கழுத்தில் முடிச்சுப் போட்டான். பைக்குள் ஒரு காய் வெடித்த சத்தம் கேட்டது. விதைகள் வலையில் பட்டுச் சலசலத்தன. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கணுவுக்குக் கீழே பிடி,” என்றாள்.

பிடித்து இழுத்தான். வேரோடு வந்தது. வெளியே தள்ளப்பட்ட ஒரு தேனீ, முதுகில் மாவோடு, அவன் மூக்கைச் சுற்றி ஆத்திரமாக ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போனது. அவன் அதைக் கொஞ்ச நேரம் வருத்தமாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இந்த இடத்துல வசந்தத்துல ஊதா லூஸ்ஸ்ட்ரைஃப் நடலாம்,” என்றாள் எலினெட், அவன் பக்கம் பார்க்காமல். “ஈரத்துல வரும். ஆகஸ்ட் வரைக்கும் பூக்கும். நம்ம ஊர்ச் செடி, கரையும் நிக்கும். என்கிட்ட கேட்டிருந்தா ஏழு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருப்பேன்.”

அவன் இரண்டாவது செடிக்குப் பை மாட்டினான். மூன்றாவதுக்கும் மாட்டினான். பிறகு, கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில், ஓடை வேலை தொடங்கிய ஏழு வருடத்தில், ஒருமுறைகூடக் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டான்.

“அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?”

“ஏழு மணி,” என்றாள் எலினெட். “அந்த மெத்தையை வீட்டுல வெச்சுட்டு வா.”